சித்திரையில் வந்த பனிக்கோட்டு

பனிக்கோட்டு சித்திரை மாதத்தில் வந்தது. கூரியர்காரர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே பொட்டலத்தை நீட்டி, "உள்ள தலகாணியா மேடம்? எடையே இல்ல" என்றார். கோட்டு என்று சொன்னால் ஒரு மாதிரிப் பார்ப்பார். தலையணைதான் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

நாங்கள் இருந்தது நெய்வேலி டவுன்ஷிப்பில், ஒரு குவார்ட்டர்ஸின் பின்பக்க அவுட்ஹவுஸில். முன்பக்கம் புவனா அக்கா. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், வீட்டுக்காரர் மைன்ஸில் பர்மனென்ட். என் வீட்டுக்காரர் மதிவாணன் வெல்டர், கான்ட்ராக்ட். 'நாங்கள்' என்பது பேச்சுக்குத்தான். கல்யாணமானதிலிருந்தே அவர் இமாச்சலத்தில், எங்கேயோ ஒரு மலைமேல் அணை வேலையில் இருந்தார். பொங்கலுக்கு வருவார். வீட்டில் சோப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குப் பழகுவதற்குள் திரும்ப ரயில் ஏறிவிடுவார்.

"என்னையும் கூட்டிகினு போங்க" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

"அங்க குளிரு கார்முகில். நீ தாங்க மாட்ட. அதுக்குன்னு தனியாத் துணி வேணும். வெலயக் கேட்டா மயக்கமே வரும்."

"துணி இருந்தா?"

"இருந்தா பாக்கலாம்."

வாயை அடைக்கச் சொன்ன வார்த்தை அது. எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அதைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள வேறு என்ன கொடுத்திருந்தார் மனுஷன்?

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஆன்லைனில் எதை வாங்கினாலும் அதைப் பற்றிக் கீழே விலாவாரியாக எழுதிவிடுவேன். விருத்தாசலம் காலேஜில் படித்த இங்கிலீஷுக்கு வேறு வேலை இல்லை. "ஒரு கொசு பேட்டுக்கு ஒன்றரைப் பக்கமா?" என்று புவனா அக்கா சிரிப்பார். ஆனால் அந்தக் கடைக்காரர்களுக்கு என் வளவளப்பு பிடித்துவிட்டது போலிருக்கிறது. புதிதாக வரும் சாமான்களை இலவசமாக அனுப்புகிறோம், பயன்படுத்திப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், போட்டோவும் போடுங்கள் என்று அழைப்பு வந்தது. விற்கக் கூடாது, யாருக்கும் தரக் கூடாது, எழுதாமல் விட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். புவனா அக்கா ஏமாற்று வேலை என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் சரி என்று அமுக்கிவிட்டேன்.

ஹெட்போன், மிக்ஸி எல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் காலியாகிவிடும். கடைசியில் யாரும் தொடாமல் கிடந்தவை பனிக்காலத் துணிகள். வடக்கே அடுத்த குளிருக்கு விற்க, கோடையிலேயே ஆள் பிடித்துப் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். கொளுத்துகிற வெயிலில் எந்தப் பைத்தியம் அதை எடுக்கும்? நான் எடுத்தேன். என் அளவில், வெள்ளை நிறத்தில், முழங்கால் வரை நீளமாக, தொப்பியோடு ஒரு கோட்டு.

மத்தியான வேளைகளில் கதவைச் சாத்திவிட்டு அதைப் போட்டுக்கொண்டு சிமெண்டுத் தரையில் படுப்பேன். தொப்பியை இழுத்துவிட்டால் உலகம் தூரப் போய்விடும். ஷிப்ட் சங்கு வேறு ஊரில் ஊதுவதுபோல் கேட்கும். முதுகில் வியர்வை ஓடும். கொஞ்ச நேரத்தில் அது வியர்வை என்பதும் மறந்துபோகும். கண்ணுக்குள் ஒரு மலைப்பாதை வரும். எங்கும் வெள்ளை. முன்னால் அவர் நடந்துகொண்டிருப்பார், முதுகு மட்டும் தெரியும். கூப்பிடலாம் என்று வாயைத் திறப்பேன், குரல் வராது. ஆனால் பயமாகவும் இருக்காது. அவர் பின்னாலேயே நடந்துகொண்டிருப்பது அவ்வளவு நிம்மதியாக இருக்கும்.

ஒருநாள் புவனா அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "கார்முகில்! இந்த வெயில்ல அதுக்குள்ள கெடந்தா மூளை உருகிடாதா?"

"உருகட்டும்க்கா" என்றேன். எழுந்திருக்க மனமில்லை.

வியர்வை நாறியதால் கோட்டைத் துவைத்துக் கொடியில் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் வெள்ளைக் கோட்டு முழுக்கப் பொடிப்பொடியாகச் சாம்பல். அனல்மின் நிலையப் புகைபோக்கியின் காற்று எங்கள் பக்கம் திரும்பிவிட்டால் அப்படித்தான். இங்கே துணி வாங்கும்போதே சாம்பல் விழுந்தால் தெரியுமா என்று பார்த்துத்தான் வாங்குவோம். எனவே மனசாட்சிப்படி எழுதினேன். 'கோட்டு நல்ல கோட்டு. ஆனால் வெள்ளை நிறத்தில் சாம்பல் அப்பட்டமாகத் தெரிகிறது. ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். கறுப்பு வாங்குங்கள்.'

சிம்லாவிலிருந்து யாரோ ஒரு அம்மா கேட்டிருந்தார்: எந்தப் பனிமலையில் சாம்பல் விழுகிறது? இன்னொருவர், எத்தனை டிகிரியில் போட்டுப் பார்த்தீர்கள் என்றார். நான் பொய் சொல்வேனா? நெய்வேலி, நாற்பது டிகிரி என்று பதில் போட்டேன். எத்தனையோ பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். கடைக்காரர்கள் சிரிக்கவில்லை. குளிரில் பயன்படுத்தி, இந்த மாதத்துக்குள் திருத்தி எழுதாவிட்டால் பெயரை எடுத்துவிடுவதாக மெயில் வந்தது.

ஒரு கோட்டை வைத்துக்கொண்டு மலைக்குப் போக முடியுமா? கைக்கு, காலுக்கு, தலைக்கு எல்லாம் வர வேண்டும். பெயர் போனால் மறுபடியும் 'இருந்தா பாக்கலாம்'தான். ஆனால் கடலூர் மாவட்டத்தில், வைகாசி மாதத்தில், குளிருக்கு நான் எங்கே போவேன்?

அப்போதுதான் குள்ளஞ்சாவடி பெரியநாயகி அத்தை ஞாபகம் வந்தது. அத்தை ஐஸ்கிரீம் ஏஜென்சி வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் ஓர் அறை நிறைய ஐஸ்கிரீம் பெட்டிகள், மைனஸ் பதினெட்டு. கோட்டைக் கட்டைப்பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "ஏண்டி, ஊரே வெயிலுக்கு வூட்டுக்குள்ள பூந்துகினு கெடக்குது. நீ ஐஸு ரூமுல போயி நின்னுகினு என்னாடி பண்ணுவ?"

"குளிருல நிக்கணும் அத்த. அவ்வளவுதான்."

"கட்டுனவன் எங்கியோ இருந்துகினு இவள இந்தப் பாடு படுத்துறான்" என்று முணுமுணுத்துக்கொண்டே திறந்துவிட்டார். "கதவாண்டயே நிக்கிறேன். தட்டுனா தொறப்பேன்."

கதவு சாத்தியதும் சத்தமெல்லாம் நின்றது. ஒரே ஒரு பல்பு, அதைச் சுற்றி உறைபனி. பெட்டிகளின் மேலெல்லாம் மாவு தூவியதுபோல் வெள்ளை. மூச்சை விட்டேன். வாயிலிருந்து வெண்புகை வந்தது. இத்தனை வருஷம் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்த என் மூச்சை அன்றைக்குத்தான் முதல்முதலில் பார்த்தேன். மறுபடி விட்டேன். அது மெல்ல எழுந்து பல்புக்குக் கீழே கலைந்தது. உடம்பு கோட்டுக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. மூக்கும் விரல்களும் எனக்குச் சொந்தமில்லாதவைபோல் ஆகிவிட்டன. சுவர்கள் விலகிப் போயின. அந்தப் பாதை வந்தது, அவருடைய முதுகு வந்தது. இந்த முறை கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்டது.

அத்தை பயந்துபோய்க் கதவைத் திறந்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேனாம், கண்ணில் தண்ணீரோடு. "காத்து கருப்பு எதுனா புடிச்சிகிச்சா?" என்று என் கன்னத்தைத் தேய்த்துவிட்டு, சூடாக டீ வாங்கித் தந்தார்.

திருத்தி எழுதினேன். 'மைனஸ் பதினெட்டில் உடம்பு தாங்கும். விரல்கள் தாங்காது. இடம்: குள்ளஞ்சாவடி, ஐஸ்கிரீம் அறை.' போட்டோவும் போட்டேன், பின்னால் மேங்கோ பார் பெட்டிகளோடு. என் பெயர் பிழைத்தது. பிறகு கையுறை வந்தது. கம்பளித் தொப்பி வந்தது. உள்ளே உடம்போடு ஒட்டிப் போடும் துணி, முழங்கால் வரை சாக்ஸ் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு அத்தையின் அறையில் நின்றேன். அங்கே நிற்கும் நேரமெல்லாம் நான் குள்ளஞ்சாவடியில் இல்லை. கார்த்திகையில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாளில், ரோமம் வைத்த பூட்ஸும் வந்து சேர்ந்தது.

அன்று மத்தியானமே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு அவருக்கு வீடியோ கால் போட்டேன். பக்கத்தில் புவனா அக்கா போனைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கு அடையாளமே தெரியவில்லை. "யாருங்க?" என்றார்.

"உங்க பொண்டாட்டிதாங்க. துணி இருந்தா பாக்கலாம்னு சொன்னீங்கல்ல? பாருங்க."

சுற்றிக் காட்டினேன். கையைக் காட்டினேன், காலைத் தூக்கிக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று தெரிந்தது. அதை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். நான் வருவதே இவருக்குப் பிடிக்கவில்லையோ? புவனா அக்கா போனை என் கையில் கொடுத்துவிட்டு மெல்ல வெளியே போய்விட்டார்.

"குளிரு ஒரு சாக்கு கார்முகில்" என்றார் கடைசியில். "இந்தக் கொட்டாயில எட்டு பேரு படுத்துகினு இருக்கோம். உன்ன எங்க வெப்பேன்? வெளிய ரூம் எடுத்தா சம்பளமே பத்தாது. இதச் சொல்லக் கூச்சமா இருந்துது. அதான் குளிரு, குளிருன்னுகினு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஆறு மாதமாக ஐஸ்கிரீம் பெட்டிகளோடு நின்றிருக்கிறேன். எட்டுப் பேர் என்று ஒரு வார்த்தை சொல்ல இவருக்குக் கூச்சம்!

"அந்த ஊருல கம்மி வாடகைக்கு ஒரு ரூம் கூடவா இல்ல?"

"ஒண்ணு இருக்குது" என்று இழுத்தார். "மேல, கோயிலாண்ட. சும்மாவே குடுப்பாங்க. ரெண்டு வருஷமா பூட்டியே கெடக்குது. யாரும் போவ மாட்டாங்க."

"ஏன்?"

"பயங்கரக் குளிரு. ஒரு பக்கம் செவுரே பலகதான். காத்து உள்ள வரும். தண்ணி வெச்சா ராத்திரி கட்டியாயிடும்."

போனை ஜன்னலில் சாய்த்து வைத்தேன். கையுறைக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, போனுக்கு முன்னால் நின்றேன். என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"இரு, இரு, வெச்சிடாத. சாவி யாருகிட்ட இருக்குதுன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தார்.

போன் அவர் கையிலேயே இருந்தது. திரையில் வானமும் பாறையும் மாறி மாறி ஆடின. பிறகு போன் கீழ்நோக்கித் திரும்பியது. தரையெல்லாம் வெள்ளை. அன்றைக்குத்தான் விழுந்த பனியாக இருக்க வேண்டும், பளீரென்று இருந்தது. அதன்மேல் அவர் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. சாக்ஸ் இல்லை, பூட்ஸ் இல்லை. வெறும் ரப்பர் செருப்பு, சிவந்து வெடித்த குதிகால்.

"ஏங்க! காலு! காலுங்க!" என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. அவர் சாவியை வாங்கி, போனுக்கு நேரே ஆட்டிக் காட்டும்வரை கத்திக்கொண்டே இருந்தேன்.