பீலி நின்ற காலை

மூன்று நாளாக விடாத மழை. கொட்டகலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தின் கதவை நாலு தடவை இழுத்துப் பார்த்தாள், அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தனுஷிகா. சாத்த முடியவில்லை. நேற்று வரை சரியாக இருந்த கதவு. நிலை ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது.



நாலு வயதில் ஜப்பானுக்குப் போனவள் அவள். அப்பா அங்கே ஒரு மலையூரில் சமையல்காரர். பதினாறில் திரும்பி வந்தபோது தமிழே தடுக்கியது. தமிழ் பிறகு வந்துவிட்டது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் பழக்கியதுதான் போகவில்லை. நிலம் நடுங்கும் ஊர், மண் சரியும் ஊர். எதைக் கண்டால் வெளியேற வேண்டும் என்று மாதாமாதம் சொல்லிக்கொடுத்தார்கள். முப்பத்திரண்டு வயதாகியும், எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வெளியே போகும் வழியைத்தான் முதலில் பார்ப்பாள். தோட்டத்தில் அவளுக்கு ஜப்பான்காரி என்றே பெயர்.

மலை ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குப் போயிருந்த மாமியார் காளியாயி வெறும் குடத்தோடு வந்தாள்.

"பீலியில தண்ணி நின்னுபோச்சு தனு. இம்புட்டு மழையில இப்படி நின்னு நான் பாத்ததே இல்ல."

தனுஷிகா ஓடிப்போய்ப் பார்த்தாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்குப் பின்னால் மண் பிளந்து, ஒரு கை நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. உடனே தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்குக்கு போன் பண்ணினாள்.

"தொரைகிட்ட சொல்றேன் டீச்சர். வேல நேரத்துல ஆளுங்கள கலைச்சுராதீங்க."

அவள் காத்திருக்கவில்லை. லயத்துக் கதவுகளையெல்லாம் தட்டினாள்; வேலைக்குப் போகாதிருந்த நாலைந்து பேர் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார்கள். பதினோரு குழந்தைகளைக் கைகோர்க்க வைத்து, பக்கவாட்டில் ஏறி, முகட்டிலிருந்த கோயிலுக்கு நடத்தினாள். கடைசிக் குழந்தையைக் காளியாயி தூக்கிவந்தாள்.

சேதி கொழுந்து மலைக்கு எட்டியது. ஜப்பான்காரி பிள்ளைகளை மழையில் இழுத்துக்கொண்டு போகிறாள் என்று கேட்டதும், தாய்மார் கூடைகளைப் போட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடிவந்தார்கள். அவர்களில் ஒருத்தியான நாகலெட்சுமி தனுஷிகாவின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு? புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா யாரு பாக்குறது?"

அந்தக் கூச்சலுக்கு நடுவே காளியாயி சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"மாட்டக் கட்டிப்போட்டுட்டு வந்துட்டேன். அவுத்துவிட்டுட்டு வந்துர்றேன்!"

"போகாதீங்க மாமி!"

தனுஷிகா இரண்டு எட்டு வைத்தாள். திரும்பிப் போகிறவர் பின்னால் போகாதே, கையிலிருக்கும் பிள்ளையை விடாதே என்று பன்னிரண்டு வருடம் கேட்ட பாடம் அவள் கால்களைப் பிடித்து நிறுத்தியது. இரண்டு குழந்தைகள் அவள் சேலையைப் பற்றியிருந்தன. அங்கேயே நின்றாள்.

முதலில் பச்சை மண் வாடை வந்தது. பிறகு மரங்கள் முறியும் சத்தம். மலை மொத்தமாக வழுக்கி இறங்கியது. லயமும் மடுவமும் இருந்த இடத்தில் சேறு மட்டுமே அசைந்தது. நாகலெட்சுமியின் பிடி இன்னும் அவள் கையில் இறுகியிருந்தது.

காளியாயியின் உடலை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள்.

கொழும்பிலிருந்து வந்த கணவன் துஷாந்த், எல்லாரும் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் அவளிடம் ஒன்றுதான் கேட்டான்.

"ஓடிப்போய் அம்மாவப் புடிச்சிருக்கலாம்ல?"

"புடிச்சிருக்கலாம்," என்றாள். "புள்ளைங்களை விட்டுட்டுப் போக முடியலங்க."

அதற்குப் பிறகு அவன் அவளிடம் பேசவில்லை. மற்றவர்கள் பேசினார்கள், அன்பாகத்தான். தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனால் கொடுக்கும்போது அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். இவளுக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்ற பேச்சு அவள் உள்ளே வந்ததும் நின்றுவிடும்.

ஐந்தாம் நாள் பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. சாரல் உள்ளே அடிக்க, ஜன்னலைச் சாத்த அவள் எழுந்தாள்.

கூடவே மண்டபம் முழுவதும் எழுந்தது. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்கள்.

"ஒன்னுமில்லைங்க, ஜன்னலைத்தான் சாத்துறேன். உக்காருங்க."

யாரும் உட்காரவில்லை. கொக்கியில் கையை வைத்தபடி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மலையைத் தனுஷிகா பார்த்தாள். எங்காவது மண் பிளந்திருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.