சர்க்கரை இல்லாத சம்பந்தம்

பெண் பார்க்க வருகிறவர்கள் பையிலிருந்து பூவும் பழமும் எடுப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த கலைமணி இன்சூரன்ஸ் பாலிசி எடுத்தார்.

அவர் மாப்பிள்ளை தமிழ்வேந்தனின் அக்கா புருஷன். சிதம்பரத்தில் ஏஜெண்ட். என் மகள் தீபிகா கொடுத்த காபியைக் குடித்து முடிப்பதற்குள், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் பச்சமுத்துவுக்கு என்னென்ன பெரிய வியாதிகள் வரலாம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். நல்ல காரியம் பேசும் இடத்தில் கேன்சர், கிட்னி, பக்கவாதம் என்று வரிசையாக வந்து உட்கார்ந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மெடிக்ளெய்ம் ஆஸ்பத்திரி பில்ல மட்டுந்தான் கட்டும் மாமா. இது வேற. லிஸ்ட்ல இருக்கற வியாதி வந்துச்சுன்னா மொத்தமா பத்து லட்சம் கையில குடுத்துடுவாங்க. கடைய மூடிட்டுப் படுத்தாலும் வீடு ஓடும்.”

“நல்லாருக்கே மாப்ள!” என்றார் இவர். இன்னும் நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் மாப்ள.

“ஒண்ணே ஒண்ணு. வியாதின்னு தெரிஞ்சதுலேர்ந்து முப்பது நாளு உசுரோட இருக்கணும்.”

“அதுக்குள்ள போய்ட்டா?”

“அதுக்கு வேற பாலிசி இருக்கு மாமா.”

குறை சொல்லக்கூடாது, மனுஷன் எதையும் மறைக்கவில்லை. மறைத்தது எங்கள் பக்கம்.

“சுகர், பிரஷர் எதாச்சும் இருக்கா மாமா? இருந்தா சொல்லிடுங்க. பிரீமியம் கொஞ்சம் ஜாஸ்தியாவும், அவ்ளோதான்.”

இவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. அன்று காலையில்தான் மாத்திரை அட்டையை உளுந்து டப்பாவுக்குள் புதைத்திருந்தார். அப்பனுக்குச் சர்க்கரை என்றால் பெண்ணுக்கும் வரும் என்று சம்பந்தம் தட்டிப்போய்விடுமாம்.

“எனக்கா? எறும்புகூட கிட்ட வராது!” என்று சொல்லி, சாட்சிக்கு இன்னொரு தட்டு கேசரி வாங்கிச் சாப்பிட்டார்.

சமையல்கட்டுக்குக் கூப்பிட்டேன். “அந்தாளு இப்ப ஏஜெண்டா கேக்கறாரு. உண்மைய சொல்லித் தொலைங்க.”

“ஏஜெண்டுகிட்ட சொன்னா மாப்ள வீட்டுக்குத் தெரியாதா? கம்முனு இரு குணசுந்தரி.”

பாலிசி வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் நீட்டியதை மறுக்கக்கூடாதாம், மரியாதை இல்லையாம். பாரத்தில் சர்க்கரை ‘இல்லை’ என்று எழுதி, கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டார். கல்யாணமும் முடிந்தது.

இரண்டாம் வருஷம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பாண்டிச்சேரிக்குக் கொண்டு ஓடினோம், பைபாஸ் செய்தார்கள். பைபாஸ் லிஸ்ட்டில் இருந்தது. தினமும் காலையில் கலைமணி போன் செய்து, “மாமா எழுந்துட்டாரா அத்த?” என்று கேட்பார். பாசமா, முப்பது நாள் கணக்கா என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. இவர் எழுந்துவிட்டார். ஆனால் பெயிண்ட் டின்னைத் தூக்க முடியாது. கடை ஷட்டர் இறங்கியே கிடந்தது. அந்தப் பத்து லட்சத்தை நம்பித்தான் வீட்டில் உலை வைத்தேன்.

கலைமணி கடலூருக்கு நேரில் வந்து சொன்னார். கம்பெனி மறுத்துவிட்டது.

காரணம் இவர் வாய்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் சர்க்கரை எத்தனை வருஷமாக என்று கேட்டதும், “பன்னெண்டு வருஷமா டாக்டர். வெந்தயத்துலயே கண்ட்ரோல்ல வெச்சிருக்கேன்” என்று பெருமை அடித்திருக்கிறார். பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் யாரும் இல்லை, உண்மை தாராளமாக வந்திருக்கிறது. டாக்டர் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுத, அது கம்பெனி கைக்குப் போய்விட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. இவரோ சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். என்னைத் தேற்றுவதாக நினைத்துக் கலைமணி சொன்னார்:

“வுடுங்க அத்த. எல்லா வீட்லயும் நடக்கறதுதான். நம்ம வேந்தனுக்குக்கூட இல்லன்னுதான் போட்டோம்.”

சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆக, மாப்பிள்ளைக்கும் சர்க்கரை. எனக்குச் சிரிப்பு வந்தது, அதுதான் கொடுமை. நாங்கள் அவர்களை ஏமாற்றியதாக நினைத்துக் கேசரி கிண்டியபோது, அவர்களும் அதே கேசரியை எங்களை ஏமாற்றித்தான் தின்றிருக்கிறார்கள்.

அவர் பஸ் ஏறப் போனதும் தீபிகாவுக்குப் போன் போட்டேன்.

“உன் வூட்டுக்காரரு சுகர் மாத்திரைய எங்க வெச்சிருக்காரு?”

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“உளுந்து டப்பாவுலம்மா. நாந்தான் வெச்சேன்.”

“அடியே, உங்கப்பன் கெடக்கற கெடப்ப பார்த்தல்ல? இன்னைக்கே கலைமணிகிட்ட சொல்லி, கம்பெனிக்கு உண்மைய எழுதிக் குடுக்கச் சொல்லு. கேக்குதா?”

“சொல்றம்மா. ஆனா இந்த வாரம் வேணாம்,” என்றாள் குரலைத் தாழ்த்தி. “ஞாயித்துக்கெழம என் சின்ன நாத்தனார பொண்ணு பாக்க வராங்க.”