பாரம்

பரோபகார சகாய நிதியின் கதவு அன்று காலை திறந்தேதான் இருந்தது. ஆனாலும் அதை உடைத்தார்கள்.

நிதியின் முதலாளி பெண்டு பிள்ளைகளோடு சனிக்கிழமையே கப்பலேறிவிட்டார் என்ற செய்தி, திங்கட்கிழமை விடிந்ததும் துறைமுக வாசலை எட்டியது. நிதியில் பணம் போட்டிருந்த மூட்டைக்காரர்கள் வேலைக்கு இறங்கவில்லை. மூட்டையைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கிகளைக் கையில் பிடித்தபடியே ராயபுரம் மாதா கோயில் தெருவுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னக் கட்டடத்துக்கு ஓடினார்கள். வழியில் மில் ஆட்களும் மீன்காரப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கண்ணாடி போட்ட பெயர்ப் பலகை வாசலில் விழுந்து நொறுங்கி, வெறுங்காலோடு வந்தவர்களின் பாதங்களைக் கிழித்தது. இரத்தக் காலடிகள் உள்ளே போயின. ஒருவருக்கும் வலி தெரியவில்லை. இரும்புப் பெட்டியைச் சுவரிலிருந்து பெயர்த்துப் புரட்டினார்கள். அதில் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் அடி தொடங்கியது. அறையின் மூலையில் குமாஸ்தா வால்டர் நின்றுகொண்டிருந்தார்.

முதல் குத்தை விட்டவன் ஜெயவேலு. இரண்டாவதாக அடித்தவன் பரசுராமன்.

பரசுராமன் வியாசர்பாடிக்காரன். வாலிபம் முழுவதும் முதுகில் அரிசி மூட்டை சுமந்தவன். சென்ற வருஷம் முதல் அவனுக்கு இடுப்புக்கு மேல் ஒரு வலி பிடித்திருந்தது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, இப்படியே சுமந்தால் ஒரு நாள் கால் விளங்காமல் போகும் என்று சொல்லிவிட்டார். அன்று முதல் அவனுக்கு ஒரே நினைவு: ஒரு கைவண்டி வாங்க வேண்டும். வண்டி இருந்தால் பாரத்தைத் தள்ளிக்கொண்டு போகலாம், சுமக்க வேண்டாம்.

அந்த வண்டிப் பணம் முன்பு தபால் ஆபீசில் இருந்தது. அங்கே ரூபாய்க்கு மாதம் அரைத் தம்படி வட்டி. நிதியில் இரண்டு தம்படி தருகிறார்கள் என்று துறைமுகம் முழுக்கப் பேச்சாக இருந்தது. பரசுராமனின் மனைவி கெங்கம்மா புளியங்கொட்டைகளைப் பரப்பி வைத்துக் கணக்குப் பார்த்தாள். நிதியில் போட்டால் ஒரு பொங்கல் முன்னதாகவே வண்டி வந்துவிடும். ஆனாலும் அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

“சர்க்காரு அரை குடுக்குது, இவன் ரெண்டு குடுக்கிறான். மிச்சத்த எங்கேர்ந்து எட்த்துக் குடுக்கிறான்? அத்தக் கேட்டுகினு வா, அப்பால போடு.”

கேட்கத்தான் பரசுராமன் போனான். தபால் ஆபீசில் அவனை ஜன்னலுக்கு வெளியே தள்ளி நிற்க வைத்து, கையில் படாமல் காசைப் போடச் சொல்வார்கள். நிதியில் வால்டர் எழுந்து வந்து, “இப்பிடி ஒக்காரு” என்று தமது பெஞ்சைக் காட்டினார். வெயிலில் வந்தவன் என்று பானையிலிருந்து தாம் குடிக்கும் பித்தளை டம்ளரிலேயே தண்ணீர் மொண்டு கொடுத்தார். பரசுராமன் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் போனபோது, “வாய் வச்சுக் குடி, பொரையேறும்” என்றார். அதைக் குடித்த பிறகு அந்த மனிதரிடம், மிச்ச வட்டி எங்கிருந்து வருகிறது என்று கேட்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. கேட்காமலே பணத்தைப் போட்டுவிட்டு வந்தான். கேட்டுவிட்டதாகக் கெங்கம்மாவிடம் சொன்னான்.

இப்போது அதே மனிதரின் சட்டைக் கழுத்தில் கொக்கியை மாட்டி இழுத்து, அந்தக் கொக்கியாலேயே முகத்தில் அடித்தான். இரண்டு பற்கள் தெறித்தன. வால்டர் சுவரில் சரிந்தார். ஜெயவேலு பெட்டியிலிருந்து பெயர்ந்த இரும்புத் தண்டால் அவர் கையை அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் கூச்சலுக்கு மேலே கேட்டது. யாரோ விலாவில் மிதித்தார்கள். யாரோ தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார்கள். ஒரு கண் மூடிக்கொண்டு வீங்கியது.

“எனக்குத் தெரியாதுப்பா,” என்றார் வால்டர். “ஆலிஸோட வளையல்கூட அதுலதான் கீது. தெரிஞ்சிருந்தா நான் வந்து கதவத் தொறப்பனா?”

சிரித்தார்கள். திருடனின் பெண்டாட்டிக்கு வளையல் வேறு கேட்கிறதா என்று ஒருவன் சொல்ல, அதற்காக மேலும் ஓர் உதை விழுந்தது.

அவர் சொன்னது உண்மை என்று அங்கே அநேகருக்குத் தெரிந்தே இருந்தது. ஓட நினைத்தவன் சாவியோடு வந்து கதவைத் திறந்து வைக்க மாட்டான். ஆனால் முதலாளி கடலில் இருந்தார். இவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தார். கோபம் எட்டுகிற இடத்தைத்தான் அடிக்கிறது.

“தண்ணி,” என்றார் வால்டர்.

பானை முன்பே உடைந்திருந்தது. அந்தப் பித்தளை டம்ளர் மட்டும் ஈரத் தரையில் உருண்டு வந்து பரசுராமனின் காலில் முட்டி நின்றது. அவன் குனிந்து அதை எடுத்தான். விளிம்பு நெளிந்திருந்தது. அதன் குளிர்ச்சியை உதட்டில் உணர்ந்த நாள் அவனுக்கு ஞாபகம் வந்தது. நிதி பொய்யாகப் போய்விட்டது. அந்தத் தண்ணீர் பொய் இல்லை. அதற்கு வட்டி என்று யாரும் எதுவும் பேசியிருக்கவில்லை.

அதற்குள் வாசலில் கூச்சல் மாறியது. மில் ஆள் ஒருவன் பக்கத்துக் கடையிலிருந்து மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிவந்திருந்தான். ஆளை வெளியே இழுத்துவரச் சொல்லி நாலா பக்கமும் கத்தினார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் என்ன நடக்கும் என்பது பரசுராமனுக்குத் தெரிந்தது. தடுத்துப் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள். தன்னையும் சேர்த்துக் கொளுத்துவார்கள்.

டம்ளரை இடுப்பில் செருகினான். வால்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டான். கப்பலடியில் மூட்டை வாங்க நிற்கும் நிலை அது.

எந்த மூட்டைக்காரனும் தன் முதுகில் தானே பாரம் ஏற்றிக்கொள்ள முடியாது. அதற்கு ஒரு கூட்டாளி வேண்டும். இத்தனை வருஷமாகப் பரசுராமனுக்கு ஏற்றிவிட்டவன் ஜெயவேலு.

“ஏத்து,” என்றான் பரசுராமன்.

இரும்புத் தண்டு ஓங்கியபடியே நின்றது. “இன்னாத்த ஏத்தறது?”

“பாரத்த. ஏத்துடா ஜெயவேலு.”

“ஒன் வண்டிப் பணத்தயும் சேத்து முழுங்கனவண்டா இவன்.”

“தெரியும். முதுகு வலிக்குது, நேரமாக்காத. ஏத்து.”

ஜெயவேலுவின் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. ஆனால் குனிந்து காத்திருக்கும் அந்த முதுகைப் பார்த்ததும் அவன் கைகள் தண்டைக் கீழே போட்டன. ஒரு கை வால்டரின் அக்குளிலும், ஒரு கை தொடையிலும் புகுந்தது. அடித்த கைகளே தூக்கி, நோகாத இடம் பார்த்து வைத்தன.

“பாரம்!” என்று குரல் கொடுத்துக்கொண்டு பரசுராமன் வாசலைத் தாண்டினான்.

துறைமுகத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. போன மழைக்காலத்தில் லட்சுமணன் என்ற மூட்டைக்காரனை யாரோ விளையாட்டாக இடித்ததில், மூட்டை கழுத்தில் சரிந்து, அவன் வாயில் இரத்தம் கக்கிச் செத்தான். சுமையோடு நடப்பவனைப் பகையாளியும் தொட மாட்டான். இரண்டு கூட்டத்தார் கொக்கியால் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருக்கும்போது, ‘பாரம்’ என்ற குரல் கேட்டு விலகி நின்று, மூட்டை போன பிறகு மறுபடி கிழித்துக்கொண்டதும் உண்டு.

இப்போதும் மூட்டைக்காரர்களின் உடம்பு தானாக ஒதுங்கியது. மற்றவர்களுக்கு அந்த வழக்கம் தெரியாது. ஒரு கல் பரசுராமனின் நெற்றியைப் பிளந்தது. மகள் கல்யாணப் பணத்தை இழந்த ஒரு மீன்காரப் பெண் அழுதுகொண்டே கூடையால் வால்டரின் முதுகில் அடித்தாள். டின்னோடு பாய்ந்தவனின் மணிக்கட்டை இரண்டு மூட்டைக்காரர்கள் பிடித்து முறுக்கினார்கள். மண்ணெண்ணெய் தெருப் புழுதியில் கொட்டியது. ஏன் பிடித்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. பின்னால் ஜெயவேலு கைகளை விரித்து நடந்து வந்தான். அவன் குரலும் கேட்டது: “பாரம்! பாரம்!”

நெற்றி இரத்தம் கண்ணை மறைக்க, முதுகில் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியே எரிய, பரசுராமன் மிஷன் ஆஸ்பத்திரி வரை நடந்தான். கட்டிலில் வால்டரை இறக்கியதும் அவன் இடுப்பில் ஏதோ அறுந்தது. தரையில் உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. உட்கார்ந்தபடியே டம்ளரை உருவி ஜெயவேலுவிடம் நீட்டினான். ஜெயவேலு தண்ணீர் பிடித்து வந்து வால்டரின் உடைந்த வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான்.

வால்டருக்கு ஒரு கண் போயிற்று. போலீசார் வந்து அடித்தவர்கள் யார் என்று விசாரித்தபோது, கூட்டத்தில் முகம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். அவர்கள் போன பிறகு, அடுத்த படுக்கையில் கிடந்த பரசுராமனால் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

“பல்லு ரெண்டும் போனது என்னாலதான் வால்டரண்ணே. கொக்கியால அடிச்சது நான்.”

“தெரியும்,” என்றார் வால்டர். “பிடியாலதான அடிச்ச. முனையத் திருப்பிக்கினியே, அப்பவே பாத்தேன்.”

தான் அப்படித் திருப்பியது பரசுராமனுக்கு நினைவில்லை. ஆனால் பாரத்தை முனை கிழிக்காமல் கையாள்வது அவன் கைக்குப் பழகியிருந்தது. அவனுக்கே தெரியாமல் இருந்த அந்தச் சிறு இரக்கத்தை, அடி வாங்கியவர் பார்த்துவைத்திருந்தார். பரசுராமன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான்.

நிதியில் போன பணம் யாருக்கும் திரும்பவில்லை. பரசுராமனின் கால் விளங்காமல் போகவில்லை. ஆனால் பாரம் சுமக்கும் முதுகு அதோடு போயிற்று. ஜெயவேலு ஒரு வண்டியை வாடகைக்குப் பிடித்தான். முன்னால் அவன் இழுக்கிறான். பின்னால் பரசுராமன் மெதுவாகத் தள்ளுகிறான். கிடைப்பதில் பாதி. மிஞ்சியதைச் சனிக்கிழமை தோறும் தபால் ஆபீசில் கட்டப் போகிறபோது வால்டரும் கூட வருகிறார். அவரை உள்ளே வரச் சொல்கிறார்கள், அவர் போவதில்லை. ஜன்னலுக்கு வெளியே, அவர்களோடு வெயிலில் நிற்கிறார்.

“அரைத் தம்படிதான,” என்று ஒரு நாள் திரும்பி வந்ததும் பரசுராமன் வீட்டு வாசலில் ஜெயவேலு சலித்துக்கொண்டான்.

“இருந்துட்டுப் போவுது,” என்றாள் கெங்கம்மா. “அது கப்பலேறாது.”

நெளிந்த டம்ளரில் தண்ணீரை மொண்டு அவள் முதலில் வால்டரிடம் நீட்டினாள். அவர் வாய் வைத்துக் குடித்தார்.