ஆட்டுப்பட்டிக்கு ஒரு கர்னல்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. நீலசந்திராவில் ஒரு சலூனில் முடி வெட்டக் காத்திருந்தபோது காதில் விழுந்தது. ஆடு காக்க எந்த ஜாதி நாய் நல்லது என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் டாபர்மேன் கட்சி, மற்றவர் ராஜபாளையம் கட்சி. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்த மூன்றாவது ஆள், "ஆட்ட வித்துட்டா நாய்ச் செலவு மிச்சம்" என்றார். கழுத்தில் கத்தி இருக்கும்போது பேசுகிறவர் பொய் பேச மாட்டார். அவருக்கு ஓஸ்வால்ட் என்று பெயர் வைத்து எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் நான் கட்டியது.

முதல் வரி இப்படி இருந்தது: "பேகூர் ஏரியின் மேல் பனி ஒரு வெண்போர்வையாக—"

அடித்துவிட்டேன். ஆடு வளர்க்கிறவள் பனியைப் பார்க்க மாட்டாள். பனிக்குள் என்ன நிற்கிறது என்று பார்ப்பாள்.

2

செத்த குட்டிகளை நாய்கள் தின்னவில்லை. கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்த குட்டிக்குப் போயிருந்தன. பசிக்குக் கடித்திருந்தால்கூட பிரிஜெட்டுக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

(இதுதான் நிஜமான தொடக்கம். இனி ஒழுங்காகப் போகலாம்.)

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம். பேகூரைத் தாண்டி, எல்லைக்கல் மட்டும் நட்ட ஒரு லேஅவுட். அதன் கோடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை வீடு, பக்கத்தில் பழைய சென்ட்ரிங் பலகைகளால் வேலி கட்டிய ஆட்டுப்பட்டி. வீட்டில் பிரிஜெட்டும் அவள் புருஷன் ஓஸ்வால்டும். இரண்டு பேருமே நீலசந்திராவிலிருந்து கட்டட வேலைக்குப் போனவர்கள். ஓஸ்வால்ட் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனது. பிரிஜெட் மேலும் சில வருஷம் கலவைச் சட்டி சுமந்தாள், கழுத்தெலும்பு தேயும் வரைக்கும். அதற்குப் பிறகு ஆடு. பக்ரீதுக்குக் கிடாய்களை விற்பார்கள், பெட்டைகளை வைத்துக்கொள்வார்கள். அந்த ஆடுகள்தான் அவள் தலையிலிருந்து சட்டியை இறக்கி வைத்தன.

கறிக்கடைக் கழிவுகளை மூட்டை கட்டி ஏரிக்கரையில் கொட்ட ஆரம்பித்ததும் தெருநாய்கள் பெருகின. மூட்டை வராத நாளில் அவை பட்டிக்கு வந்தன.

"இன்னொரு தபா வந்துச்சுனா ரங்காவக் கூப்ட்டு மொத்தத்தையும் ஏத்திவுட்ருவேன்," என்றார் ஓஸ்வால்ட். ரங்கா ஆட்டுத் தரகர்.

"ஏத்திட்டு?"

"நீ வேலைக்குப் போ."

"இந்தக் கழுத்த வெச்சுக்கினா?"

"ஆட்டுக் கழுத்து மிஞ்சுனாத்தான உன் கழுத்தப் பத்திப் பேசறது."

(ஓஸ்வால்டைக் கெட்டவர் ஆக்கியிருந்தால் எனக்கு வேலை சுலபம். ஆனால் செத்த குட்டிகளுக்குக் குழி தோண்டியவர் அவர்தான். இடுப்பு மடங்காததால் தரையில் உட்கார்ந்தே தோண்டினார். செத்த ஆட்டை யாரும் வாங்க மாட்டார்கள், உயிரோடு இருக்கும்போதே தள்ளிவிடுவது நல்லது என்பது அவர் வாதம். அதில் எனக்கு ஓட்டை தெரியவில்லை.)

3

நாய் வளர்க்கலாம் என்றது பிரிஜெட். எந்த நாய் என்று சொல்ல வந்தது அவள் தம்பி யூஜின். காக்ஸ் டவுனில் ஒரு பெரிய வீட்டில் டிரைவர். முதலாளியின் டாபர்மேனைக் காலையில் உலாத்த அழைத்துப்போவதும் அவன்தான் என்பதால் நாய் விஷயத்தில் அவன் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்று அவனுக்கு ஒரு நினைப்பு. ஞாயிறு பூசை முடிந்து நேராக வந்தான்.

"அக்கா, டாபர்மேன் வை. ஒருத்தன் உள்ள வரமாட்டான்."

"வர்றது ஒருத்தன் இல்லடா, நாயிங்க."

"அப்ப அல்சேஷன்."

"எங்க தகரத்துக்கு அது வெந்தே செத்துரும்," என்றார் ஓஸ்வால்ட். "உங்க மொதலாளி ஊட்டுல அதுங்களுக்கு ஃபேன் போடறாங்கன்னு நீதான மச்சான் சொன்ன?"

"மாமா, எல்லாத்துக்கும் குறுக்க வராத. சரி, முதோல். நம்ம கர்நாடகா நாயி. அம்பு மாதிரி ஓடும், பாக்க சக்கத்தா இருக்கும்."

"ஓடறது எதுவா இருந்தாலும் தொரத்துமே. எங்குட்டியும்தான ஓடுது," என்றாள் பிரிஜெட்.

யூஜின் கொஞ்ச நேரம் டீயை ஊதினான். "ராஜபாளையம். முடிஞ்சுது. பன்னி வேட்டைக்குப் போன ஜாதி. ஒடம்பு வெள்ளவெளேர்னு, மூக்கு ரோஸ் கலர்ல இருந்தா அசல்."

"மூக்கப் பாத்துத்தான் உங்கக்காவக் கட்டினேன்," என்றார் ஓஸ்வால்ட். "அசல்தான். ஒத்துக்கறேன்."

(மனிதரிடம் கேட்டால் அடி விழும் கேள்வியை நாயிடம் எவ்வளவு ஆசையாகக் கேட்கிறோம் என்று இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். பிரிஜெட்டுக்கு அந்த யோசனை வரவில்லை, அவளுக்கு ஆடு பிழைத்தால் போதும்.

கம்பளி போர்த்திய ஒரு கிழட்டு இடையரை அனுப்பி, 'தாயே, நாய்க்கு ஜாதி இல்லை' என்று சொல்ல வைக்கவும் பார்த்தேன். அப்படி யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. சரியான நேரத்தில் சரியானதைச் சொல்லும் கிழவர்கள் கதையில்தான்—)

4

ஒக்கலிபுரத்தில் நாணுவின் வீடு ரயில் பாதைக்குப் பின்னால். தெற்கேயிருந்து நாய்க்குட்டிகள் கூடையில் ரயிலேறி வரும், நாணு இறக்கி விற்பார். யூஜின் பிரிஜெட்டை அழைத்துப்போன அன்றைக்கு சிமெண்டுத் தரையில் ஆறு வெள்ளைக் குட்டிகள் உருண்டுகொண்டிருந்தன.

யூஜினிடம் ஒரு வித்தை இருந்தது. குட்டிகளுக்குப் பின்னால் போய், அவை பார்க்காதபோது அலுமினியத் தட்டைக் கரண்டியால் ஓங்கி அடிப்பது. பதறினால் கோழை, அசையாமல் நின்றால் வீரன். காக்ஸ் டவுனில் எல்லாரும் இப்படித்தான் எடுக்கிறார்கள் என்றான்.

அடித்தான். ஐந்து குட்டிகள் மூலைக்கொன்றாகச் சிதறின. ஆறாவது, இருப்பதிலேயே வெள்ளையானது, பிரிஜெட்டின் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டே இருந்தது. தட்டைக் கிட்டே கொண்டுபோய் இன்னொரு முறை அடித்தான். பிரிஜெட்டுக்குத்தான் தூக்கிப்போட்டது.

"பாத்தியாக்கா! மிலிட்டிரி பீசு! கர்னல்னு பேர் வை."

"எதுனா வந்தா கொலைக்குமா?" என்று நாணுவிடம் கேட்டாள்.

"கொலைக்கறதெல்லாம் பயந்தாங்கொள்ளிம்மா. இவன் கொலைக்க மாட்டான், நேரா வேலைதான்."

5

கர்னல் வளர்ந்தான். வீட்டுக்குள் இடமில்லாததால் முதல் நாளே பட்டியில் விட்டார்கள். ஆடுகளின் சூட்டில் தூங்கினான். குட்டிகள் அவன் முதுகில் ஏறி நின்றன, கோபித்துக்கொள்ள மாட்டான். கூப்பிட்டால் மட்டும் வர மாட்டான்.

"ஜாதி நாயில்ல. ராங்கி இருக்கத்தான் செய்யும்," என்றார் ஓஸ்வால்ட். அவர் இப்போது கர்னலைப் பற்றிப் பேசும்போது முன்பு மேஸ்திரியைப் பற்றிப் பேசிய மரியாதைத் தொனி வந்திருந்தது.

ஒரு மத்தியானம் பக்கத்துக் கல்குவாரியில் வெடி வைத்தார்கள். வழக்கத்தைவிடப் பெரிய வெடி. ஆடுகள் எல்லாம் ஒரே துள்ளாகத் துள்ளின. புளியமரத்துக் காக்கைகள் மேலே போயின. கர்னல் வாசலில் கிடந்த கட்டிலின் மேல் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

பிரிஜெட் பின்னால் போய்க் கை தட்டினாள். தகரத்தைத் தட்டினாள். "கர்னல்!" என்று கத்தினாள். பிறகு வாயில் வந்த கெட்ட வார்த்தையையும் கத்திப் பார்த்தாள். தூங்குகிற நாய்க்கும் காது மட்டும் திரும்பும். இவன் காது திரும்பவில்லை.

(முழு வெள்ளையாகப் பிறக்கும் குட்டிகளில் சில செவிடாக இருப்பதுண்டு. நாணுவுக்கு இது தெரியுமா? முதல் பிரதியில் தெரிந்தேதான் விற்றார், மீசைக்குள் ஒரு சிரிப்பும் வைத்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். தட்டை அடித்து நாய் பொறுக்குகிறவர்களை ஏமாற்றத் தனியாக ஒரு ஆள் வேண்டாம்.)

ஓஸ்வால்டிடம் சொன்னால் ரங்கா வருவார். ரங்கா வந்தால் ஆடு போகும். ஆடு போனால் சட்டி. பிரிஜெட் சொல்லவில்லை. மாறாக ஒன்று பழகிக்கொண்டாள். ஓஸ்வால்ட் பக்கத்தில் இருக்கும்போது முதலில் குதிகாலால் தரையை ஓங்கி மிதிப்பாள். அதிர்வுக்கு நாய் தலையைத் தூக்கும். அந்த நொடியில் "கர்னல்!" என்பாள்.

"எங்கிட்ட மட்டும் திமிரு. உங்கிட்ட ஓடி வர்றான் பாரு," என்பார் ஓஸ்வால்ட்.

"சோறு போடற கையி தெரியும்யா அதுக்கு."

6

இந்த இடத்தில் நீங்கள் நாய்ச் சண்டையை எதிர்பார்ப்பீர்கள். எழுதிப் பார்த்தேன். ஒன்றில், தெருநாய்கள் வந்தபோது கர்னல் தூங்கிக்கொண்டே இருந்தான், ஆடுகள் செத்தன. இன்னொன்றில், ஆடுகள் மிரண்டு மிதித்த அதிர்வில் அவன் விழித்து, கும்பலையே விரட்டினான். இரண்டாவதைப் படித்த நண்பருக்குக் கண் கலங்கியது. எனக்குக் கலங்கவில்லை. கூட்டமாக அலையும் நாய்கள் ஒற்றை நாயிடம் அப்படித் தோற்பதில்லை.

ஏரிக்கரை நாய்கள் இரண்டொரு தடவை வேலி வரைக்கும் வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. கர்னலின் உருவத்தைப் பார்த்துப் பயந்தா, அன்றைக்குக் கழிவு மூட்டை வந்திருந்ததா, எனக்குத் தெரியாது. பிரிஜெட்டுக்கும் தெரியாது. கடைசி வரை தெரியப்போவதும் இல்லை.

வந்தது லாரி. பக்ரீதுக்குச் சில வாரம் இருந்தது. ஹுளிமாவில் ஒருவருடைய பட்டியில் நாய்கள் புகுந்து ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று கேள்விப்பட்டு ஓஸ்வால்ட்தான் ரங்காவுக்குச் சொல்லியனுப்பியிருந்தார். பிரிஜெட்டுக்கு லாரி வந்து நின்றபோதுதான் தெரிந்தது. பட்டியின் வாசல் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரங்கா இன்ஜினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் தள்ளித்தான் கிளப்ப வேண்டுமாம். பேச்சு நீண்டது. டீ வந்தது. கர்னல் பட்டியை விட்டு வெளியே வந்து, லாரியை ஒரு சுற்று மோந்து, பின் சக்கரத்துக்குப் பின்னால் நிழலில் படுத்துவிட்டான்.

"ஏனு குரு, இம்மாம் பெரிய நாய் வெச்சுக்கினு பயப்படறியா?" என்றார் ரங்கா.

ஓஸ்வால்ட் நாயைப் பார்த்தார். படலைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"வேணாம் ரங்கா. கிடாய மட்டும் பண்டிகைக்கு எடுத்துக்கோ. மத்தது இருக்கட்டும். நாய் இருக்குது."

ரங்கா தோளைக் குலுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தார். ரிவர்ஸ் போட்டார். ஹாரன் அடித்தார்.

7

கர்னல் எழவில்லை.

"இப்ப எந்திரிப்பான் பாரு," என்றார் ஓஸ்வால்ட், ஒரு மேஸ்திரியைக் காட்டுவது போல.

ஹாரன். இன்ஜின் அத்தனை நேரம் ஓடியதில் தரை முழுக்க அதிர்ந்துகொண்டிருந்தது. குதிகாலால் எவ்வளவு மிதித்தாலும் அதில் கரைந்துவிடும்.

(ஒரு பிரதியில் அவள் கையில் கல்லைக் கொடுத்தேன். வீசினாள், நாய் எழுந்தது, ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கதை தப்பித்தது. மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது.)

ஓடினாளா என்று கேட்காதீர்கள். ஓடினாள். "நிறுத்துயா!" என்று கத்திக்கொண்டே ஓடி, பின்னங்கால் இரண்டையும் பிடித்து இழுத்தாள். தூக்கத்தில் இருந்த கர்னல் அவள் முழங்கையைக் கவ்விவிட்டு, ஆளைப் பார்த்ததும் விட்டான். லாரி நின்றது. ரங்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இன்னொரு முறை ஹாரனை அழுத்திப் பார்த்தார். நாய் பிரிஜெட்டின் கையை நக்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ ராமா, கெப்பு நாயா!" என்று சிரித்தார் ரங்கா. "காது கேக்காததுக்கா காவல் வேலை குடுத்திருக்கீங்க?"

ஓஸ்வால்ட் பிரிஜெட் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"எப்பத்துலேந்து?"

"குவாரியில பெரிய வெடி வெச்சான் இல்ல, அப்பத்துலேந்து." அவள் நாயை விடவில்லை. முழங்கையில் ரத்தம் வந்தது. "இவனுக்குக் காது இல்ல. எனக்கு இருக்குது. எனக்குப் பல்லு இல்ல, இவனுக்கு இருக்குது. ரெண்டு பேரையும் சேத்து ஒரு நாயின்னு வெச்சுக்கோயா."

ரங்கா சிரிப்பை நிறுத்தினார். "ஓஸ்வால்ட், ஏத்தட்டா, பேடவா? பேக சொல்லு, நேரமாவுது."

ஓஸ்வால்ட் வாயைத் திறந்து, "ஏத்—"

ஓஸ்வால்ட் தலையை ஆட்டி, "நீ போ ரங்கா, நாங்க—"

ஓஸ்வால்ட் திரும்பிப் படலை நோக்கி—

மூன்றையும் முடிக்க என்னால் முடியவில்லை. முதலாவது நியாயமாக இருக்கிறது. இரண்டாவது நன்றாக இருக்கிறது. மூன்றாவதில், படலைத் திறக்கப் போகிறாரா, இன்னும் இறுக்கிக் கட்டப் போகிறாரா என்று அவர் முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஏரிக்கரை நாய்கள் எப்போது வரும், வந்தால் எத்தனை வரும் என்று அவருக்குத் தெரிந்ததைவிட எனக்கு ஒன்றும் கூடுதலாகத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அந்த அளவுக்கு நீங்களும் அவரும் ஒன்றுதான். ஆகவே நீங்களே சொல்லலாம்.

ஒரே வார்த்தை போதும். சீக்கிரம் சொல்லுங்கள், ரங்காவின் டீசல் எரிந்துகொண்டிருக்கிறது.