ஓடாத கடிகாரங்களின் சங்கம்

பஃபலோ ரோட்டுக் காப்பிக்கடையில் சனிக்கிழமைதோறும் கூடுகிறவர்களுக்கு ஒரே விதிதான்: ஓடுகிற கடிகாரத்தை மேசைமேல் வைக்கக்கூடாது. ஓடினால் அது வெறும் கடிகாரம். நின்றால்தான் அதற்கு மனசு உண்டு என்பது அவர்கள் கட்சி. துணிக்கடைக் கணக்கர் சுப்பிரமணியத்தின் வாட்ச், ஜப்பான்காரன் போட்ட முதல் குண்டுக்கு நின்றது. பணம் மாற்றும் நெய்னா முகம்மதுவின் வாட்ச், கப்பலிலிருந்து நாகப்பட்டினத்துக் கரை மறைந்தபோது நின்றது. இருவருமே அப்புறம் சாவி கொடுக்கவில்லை. கொடுத்தால் ஓடிவிடுமோ என்ற பயம்.

கிடங்கில் வேலை பார்க்கும் சவரிநாதனின் கடிகாரமோ ஓடித் தொலைத்தது. அதனால் அவன் பேச்சு அங்கே எடுபடவில்லை. ஒருநாள் சாவி கொடுப்பதை நிறுத்தினான். நாலு இருபதில் அது நின்றது.

"அப்பாவைக் குழியில இறக்கின நேரம் அண்ணே," என்றான்.

அப்பாவோ தீவின் வடகோடிச் செம்பவாங்கில் கள்ளும் வறுத்த மீனுமாகச் சௌக்கியமாக இருந்தார். சுப்பிரமணியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டார்.

1958இல் ஒரு சனிக்கிழமை மாலை ஆறரைக்கு, விக்டோரியா ஸ்ட்ரீட் பள்ளி ஒன்றில் சவரிக்கு மாலை வகுப்பின் இறுதித் தேர்வு. தேறினால் ஆபீஸ் நாற்காலி. தவறினால் இன்னொரு வருஷம் மூட்டைத் தூசி. போகிற வழியில் ஒரு டீ மட்டும் என்று கடைக்குள் நுழைந்தான். அங்கே புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்காகச் சவரி கதையை முதலிலிருந்து தொடங்கி அப்பாவை மறுபடி அடக்கம் செய்தே ஆகவேண்டியிருந்தது.

கதையின் நடுவில் அவனுக்குச் சந்தேகம் வந்தது. "பரீட்சைக்கு நேரமாச்சா நானா?"

நெய்னா மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "எங்கிட்டயா கேக்குறே தம்பி? இது இன்னும் ஊர்க் கரையிலல்லவா நிக்குது!"

"வெயில் இருக்குலா, உக்காருங்க தம்பி," என்றார் சுப்பிரமணியம். "குழிகிட்ட வந்துட்டீங்க, பாதியில விட்டா எப்படி?"

சவரி பழக்கதோஷத்தில் தன் கையைப் பார்த்தான். நாலு இருபது. அப்பாடா என்று இன்னொரு டீ சொன்னான். கடிகாரம் ஏன் நிற்கிறது என்று ஊருக்கெல்லாம் விளக்கிக்கொண்டே அதில் மணி பார்த்தவன் இந்தத் தீவில் அவன் ஒருவன்தான்.

வெளியே இருட்டிய பிறகுதான் பதறி எழுந்தான்; டிராலி பஸ்ஸிலிருந்து குதித்து ஓடியபோது பள்ளியின் கம்பிக் கதவு சாத்தியிருந்தது. தேர்வுக் கண்காணிப்பாளர் கம்பி வழியாக அவன் கையைப் பார்த்தார்.

"வாட்ச் கட்டியிருக்கீங்களே?" என்றார்.

சவரி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். வேறு போக்கிடம் தெரியாமல் காப்பிக்கடைக்கே திரும்பினான். அப்பா சாகவில்லை, கடிகாரத்தைத் தானே நிறுத்தினான், பரீட்சை போயிற்று என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, வசவுக்குக் காத்திருந்தான்.

சுப்பிரமணியம் அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை நாளும் ஏதோ ஒரு சாவு. எவன் வீட்டுலதான் சாவு இல்ல? இப்பத்தான் தம்பி இதுக்கு ஒரு கதை வந்திருக்கு!"

"சாவி மட்டும் கொடுத்துடாதே, எல்லாம் கெட்டுப்போயிரும்," என்று பதறினார் நெய்னா.

பக்கத்து மேசைக்காரர்களும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். சவரி முதலிலிருந்து சொன்னான். கதவு சாத்தியிருந்த இடத்தில் சற்று நிறுத்தினான், நன்றாக எடுபட்டது. மூன்றாவது தடவை சொல்லும்போது கதையில் மழையும் பெய்தது.