பஞ்சாலையின் இடது கை

புதிய தலைமைத் தாதியாக ஷாமினி நியமிக்கப்பட்டிருக்கும் செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, முதல் ஆளாகக் கட்டைவிரலை உயர்த்தியவள் வள்ளிநாயகிதான். தயங்கினால் மற்றவர்கள் கவனிப்பார்கள் என்று தோன்றியது. விரலை அழுத்திவிட்டு, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, மாவு பிசைவதைத் தொடர்ந்தாள். அன்று சப்பாத்தி கல்லாக இருக்கிறது என்று புனிதன் சொன்னான். புனிதன் அவள் கணவன்; லாபுவில் அவர்கள் குடியிருக்கும் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டுபவன். மனைவி வாய் திறக்காத விஷயங்களை அவன் சாப்பாட்டில்தான் கண்டுபிடிப்பான்.

அவள் வேலை செய்யும் டயாலிசிஸ் நிலையம் செனாவாங்கில், ஒரு கடைவரிசையின் கீழ்த்தளத்தில் இருந்தது. அது திறந்த நாளிலிருந்து வள்ளி அங்கே இருக்கிறாள். சிறுநீரக நோயாளிகளைக் கவனிப்பதற்கான சிறப்புப் படிப்பையும் முடித்திருக்கிறாள். பழைய தலைமைத் தாதியான சிஸ்டர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும், அந்த இடம் தனக்குத்தான் வரும் என்று எல்லாரையும் போல அவளும் நினைத்தாள். யாரும் அதை அவளிடம் சொன்னதில்லை. அவளும் யாரிடமும் கேட்டதில்லை.

ஷாமினி மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிரம்பானில் ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து வந்தவள், சின்ன வயது, யாரையும் அதட்டுவதில்லை, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவாள். குறை சொல்ல முடியாத ஒருத்தியிடம் தோற்பது எப்படி என்றுதான் வள்ளிக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு நாள் பிற்பகலில் கையுறையைக் கழற்றிக்கொண்டே ஷாமினி கேட்டாள்.

"அக்கா, நாளைக்குப் பஞ்சாலை ஆன்ட்டி கைய நான் ட்ரை பண்ணவா? நீங்க பக்கத்துல நின்னு காட்டுங்களேன்."

பஞ்சாலையின் இடது கையில் வள்ளியைத் தவிர யாரும் ஊசி போட்டதில்லை. வள்ளி குடியிருக்கும் அதே தோட்டத்தில் உரம் போட்டுக்கொண்டிருந்தவள் பஞ்சாலை; சர்க்கரை வியாதி அவள் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் வேன் வந்து அவளை ஏற்றிப் போகும். ஒரே இடத்தில், ஒரே சாய்வில், ஒரே கை மறுபடி மறுபடி ஊசியை இறக்கினால், காது குத்திய துளை போலத் தோலுக்குள் ஒரு வழி உண்டாகிவிடும். பிறகு முனை மழுங்கிய ஊசியே அந்த வழியில் வலிக்காமல் போய்விடும். வள்ளி அவள் கையில் அப்படி ஒரு வழியை உண்டாக்கியிருந்தாள். ஊசி போடும் கை மாறும்போது பழைய ஆள் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். சாய்வு தப்பினால் ரத்தம் உள்ளேயே கசிந்து கை வீங்கும். மோசமானால் அந்தக் கையே டயாலிசிஸுக்கு ஆகாமல் போய், கழுத்தில் குழாய் போட வேண்டிவரும்.

"நாளைக்கா? நாளைக்கு எனக்கு லீவு" என்றாள் வள்ளி.

அந்த நிமிடம் வரை அவளுக்கு லீவு இல்லை. மேலாளர் தர்மேந்திரனின் அறைக்குப் போய் அப்போதுதான் கேட்டாள். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓகே வள்ளி, நோ ப்ராப்ளம்" என்றார். அந்த 'நோ ப்ராப்ளம்' அவள் மோட்டார் சைக்கிளின் பின்னாலேயே வீடு வரைக்கும் வந்தது.

மறுநாள் காலையில் துணி துவைத்தாள். கைப்பேசியை இடுப்பில் செருகியிருந்தாள். துணி காயப்போடும்போது அதைக் கம்பியடியில் வாளிமேல் வைத்தாள். சமைக்கும்போது அடுப்புப் பக்கத்தில் வைத்தாள். இடையில் தேநீர் குடிக்க வந்த புனிதன் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்னா, கைப்புள்ள மாதிரி தூக்கிக்கிட்டே திரியற? பால் குடுத்தியா அதுக்கு?"

"செண்டர்ல இருந்து கூப்பிடுவாங்க."

"லீவுதானே போட்ட?"

"ஆமா."

"அப்ப எதுக்குக் கூப்பிடப் போறாங்க?"

அவன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

எதற்காகக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஷாமினி தடுமாற வேண்டும். 'இந்தக் கை எனக்கு வராது' என்று ஊசியைக் கீழே வைக்க வேண்டும். தர்மேந்திரன் தன் அறையைவிட்டு எழுந்து வந்து, "வள்ளி, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?" என்று கேட்க வேண்டும். ஒரு நாள் அவள் இல்லாமல் ஓட்டிப் பார்த்தால்தான் அவளை இழப்பது என்னவென்று அவர்களுக்குப் புரியும். இவ்வளவுதான் அவள் விரும்பியது. ஷாமினி ஊசியைக் கீழே வைக்காமல், தவறான சாய்வில் உள்ளே இறக்கிவிட்டால்? அந்த எண்ணம் வந்தபோதெல்லாம் அவள் வேறு வேலையை எடுத்துக்கொண்டாள். குளியலறையைத் தேய்த்தாள். அரிசி டப்பாவில் வண்டு இருக்கிறதா என்று பார்த்தாள். ஷாமினி அவசரக்காரி அல்ல, மோட்டாரை எடுத்தால் தானும் சீக்கிரம் போய்விடலாம் என்று சொல்லிக்கொண்டாள். ஆனாலும் நேற்று அவளாகவே வந்து 'காட்டுங்கள்' என்றுதானே கேட்டாள்.

போர்டிக்சனில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு நிலையத்திலிருந்து, தலைமைத் தாதியாக வரமுடியுமா என்று வள்ளியைக் கேட்டிருந்தார்கள். "பஞ்சாலையக்கா மாதிரி ஆளுங்கள விட்டுட்டு எப்படிங்க வர்றது?" என்று சொல்லியிருந்தாள். அப்படிச் சொன்னபோது தன்மேலேயே அவளுக்கு ஒரு மதிப்பு உண்டானது. இப்போது சோறு வடித்துக்கொண்டே அதை நினைத்தாள். இவ்வளவு அக்கறை உள்ளவள் இந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும்?

கைப்பேசி ஒருமுறை ஒலித்தது. ஈரக் கையோடு எடுத்தாள். குழுவில் தர்மேந்திரன் ஒரு படம் அனுப்பியிருந்தார்: பணியாளர் அறைக் குளிர்பெட்டி, அதற்குள் வாடை வீசும் ஒரு டுரியான் பழப் பொட்டலம், கீழே 'யாருடையது? உடனே எடுக்கவும்.' அவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். டுரியானைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்கிறது என்றால் கை வீங்கவில்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கு அடியில் ஏமாற்றமும் இருந்தது. அதைத் தெளிவாகவே உணர்ந்தாள், அருவருப்போடு.

பிற்பகலில் வேன் வந்தது. வள்ளி வீட்டிலிருந்து நான்காவது வீட்டு வாசலில் பஞ்சாலை மெதுவாக இறங்கினாள். வள்ளி ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள்.

"என்னா மிஸ்ஸி, நல்லாத்தானே நிக்கிற? காய்ச்சல்னு நெனச்சேன்." தாதியை மிஸ்ஸி என்பதுதான் அவள் வழக்கம்.

"கையக் காட்டுங்கக்கா."

கட்டு சுத்தமாக இருந்தது. வீக்கம் இல்லை. விரலை வைத்துப் பார்த்தாள். ரத்தத்தின் அதிர்வு வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது.

"ஷாமினி நல்லா போட்டாளா?"

"அவ எங்க போட்டா? நான்தான் போட்டேன்." பஞ்சாலை வாசல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அந்தப் புள்ளைக்குக் கை ஒதறுது. 'அடியே, இரு'ன்னேன். எங்க மிஸ்ஸி நேரா வராது, முழங்கைப் பக்கமா சாய்ஞ்சு வரும். உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு நிக்கும். அப்புறம் தள்ளாது, தானா வழுக்கும். நீயும் அப்படி வா, வலிச்சா சத்தம் போடறேன்னேன். வந்துட்டா. நல்ல புள்ளதான் லா."

தான் ஒரு மூச்சு நிறுத்துவது வள்ளிக்கே தெரியாது.

"இதெல்லாம் எப்படிக்கா தெரியும்?"

"ஏன், அது என் கைதானே? நீ ஊசியத்தான் பாக்கற. நான் உன்னைப் பாக்காம அங்க வேற எதைப் பாக்கறது? அந்த டிவியில எப்பவும் சீன நாடகம்." சிரித்தாள். பிறகு, சாதாரணமாக, ஊர்ச் சேதி சொல்வதுபோலச் சொன்னாள். "நீ சந்தோஷமா இருக்கிற நாளும் தெரியும், புருஷன்கூட சண்ட போட்டுட்டு வர்ற நாளும் தெரியும். அந்தப் புள்ளய சிஸ்டர் ஆக்குனாங்க பாரு, அதிலேருந்து ரெண்டு வாரமா கொஞ்சம் அழுத்தித்தான் வருது."

"வலிச்சுதா?"

"கொஞ்சம்."

"ஏன்க்கா சொல்லல?"

"சொல்லி? உனக்கும் எங்கியோ வலிக்குதுன்னு விட்டுட்டேன். போ, போயி எனக்கு ஒரு மடக்குத் தண்ணி கொண்டா. ஒரு மடக்குதான். அதுக்கு மேல குடிச்சா நீயே திட்டுவ."

வள்ளி வீட்டுக்கு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். தன் மனத்தில் இருப்பது எதுவும் கைக்கு இறங்காது என்று இத்தனை காலம் நம்பியிருந்தாள். வேலையில் அவளுடைய ஒரே கர்வம் அது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை உயர்த்திய அதே கை, மறுநாளிலிருந்து பஞ்சாலையின் தோலுக்குள் உண்மையைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. தர்மேந்திரனுக்குச் சொல்ல வேண்டியதை, திருப்பிக் கேட்க முடியாத ஒருத்தியிடம்.

அவளுடைய அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். விடியுமுன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பெயரைக் கூப்பிடுவார். கூப்பிட்ட பிறகுதான் குரல் கொடுக்க வேண்டும். முந்திக் குரல் கொடுப்பவளை வாயாடி என்பார்கள். வள்ளி அந்தக் களத்தில் ஒருநாளும் நின்றதில்லை. ஆனால் குளிர்சாதன அறையில், வெள்ளைச் சட்டையில், அவளும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள். நன்றாக வேலை செய்தால் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று. கேட்டு வாங்குவது அசிங்கம் என்று. கூப்பிடாதவர்கள்மேல் வந்த கோபம் உண்மையானது, அதில் தப்பில்லை. அதை எங்கே கொண்டுபோய் வைத்தாள் என்பதுதான் அவளைக் குன்ற வைத்தது.

மறுநாள் காலையில் தர்மேந்திரனின் அறைக் கதவைத் தட்டினாள். இந்த முறை உட்கார்ந்தாள்.

"சார், சிஸ்டர் வேலைக்கு என்னை ஏன் எடுக்கல?"

அவர் கணினியிலிருந்து நிமிர்ந்தார். கோபம் இல்லை, உண்மையான திகைப்பு.

"நீங்க கேக்கவே இல்லையே வள்ளி. ஷாமினி வந்து கேட்டாங்க."

"கூப்பிடுவீங்கன்னு இருந்தேன்."

"உங்கள அந்த ஃப்ளோர்ல இருந்து எடுத்தா செண்டரே படுத்துடும்லா. பேஷண்ட் எல்லாம் மிஸ்ஸி மிஸ்ஸின்னு உங்களத்தான் கேக்கறாங்க. அதனாலதான் உங்கள அங்கயே வச்சிருக்கோம்."

"இத என்கிட்ட ஒரு தடவையாச்சும் சொல்லியிருக்கீங்களா?"

அவர் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். "சொல்லணுமா? அதான் உங்களுக்கே தெரியுமே."

இத்தனை வருடமும் அவள் காத்திருந்த வார்த்தைகள்தாம். அவள் இல்லாவிட்டால் நிலையம் படுத்துவிடும் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். கேட்டதும் நெஞ்சு நிறையும் என்று நினைத்திருந்தாள். ஆனால் அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. அவளை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்ததற்குக் காரணமாகச் சொன்னார். அவளுடைய நல்ல வேலைதான் அவளுக்குப் போட்ட வேலியாக இருந்திருக்கிறது.

"போர்டிக்சன்ல ஒரு இடத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க சார். போகலாம்னு இருக்கேன்."

"ஐயோ, என்ன வள்ளி, திடீர்னு?" அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "பஞ்சாலை மாதிரி ஆளுங்கள நெனச்சுப் பாருங்க. அவங்கள யாரு பாப்பாங்க?"

அது அவளுடைய சொந்த வாக்கியம். இன்னொருவர் வாயில் கேட்கும்போது எவ்வளவு வசதியான வாக்கியமாக இருந்தது!

"ஷாமினி பாப்பா. நேத்து பாத்துட்டா. மத்தவங்க கையையும் அவளுக்குக் காட்டிட்டுத்தான் போவேன்."

அவர் இன்னும் என்னவோ சொன்னார். சம்பளம் பற்றி, அடுத்த வருடம் பற்றி. அவள் பொறுமையாகக் கேட்டாள், நன்றி சொன்னாள், எழுந்தாள். வருத்தமா, சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு அப்போது நேரமில்லை. வெளியே முதல் ஷிஃப்ட் ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஜன்னலோர நாற்காலியில் ஒரு சீனப் பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் காத்திருந்தார். அவர் கையும் வள்ளிக்கு மட்டுமே பழக்கமான கைதான். ஷாமினி சற்றுத் தள்ளி, இயந்திரத்துக் குழாய்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று ஏன் லீவு என்று அவள் இன்னும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டாள் என்று தோன்றியது.

"ஷாமினி, கை கழுவிட்டு வா. அங்கிள் கையில நீ போடு."

ஷாமினி திரும்பிப் பார்த்தாள். "நீங்க?"

"பக்கத்துல நிக்கிறேன். நேத்தே நின்னிருக்கணும்."

ஷாமினி குழாயடிக்குப் போனாள். வள்ளி பெரியவரிடம் மலாயில் விளக்கினாள்: இன்றைக்கு ஊசி போடுவது வேறு கை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், வலித்தால் உடனே சொல்லுங்கள். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி என்று கையை நீட்டினார்.