ஈயப் பொட்டு

தும்பிக்கையில் கம்பிக் கண்ணி இறுகி, யானைக்குட்டி மூன்று நாள் தண்ணீர் குடிக்க முடியாமல் செத்துப் போனது. ஊரே அழுதது. அழாமல் என்ன செய்யும்? தேசியப் பூங்காவை ஒட்டிய ஊர் எங்களுடையது. அந்த யானைக் கூட்டம் சாலையைக் கடக்கும்போதெல்லாம் முறைவைத்து வண்டிகளை நிறுத்தியவர்கள் நாங்கள். வாரம் ஒருநாள் காட்டோரம் நடந்து கண்ணிகளை அகற்றுவதும் நாங்கள்தான். இதற்கென்று இருக்கும் காவல் குழுவுக்கு என் அக்கா தலைவி. நான் பைக் மெக்கானிக்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மாமா, அதாவது அக்கா புருஷன், மட்டும் வரவில்லை, காய்ச்சலாம். வனக்காவலர் அந்தக் கண்ணியை மேசைமேல் வைத்தார். நான் குனிந்து அதன் முனையைப் பார்த்தேன்.

பழைய கிளட்ச் கம்பி. முனையில் உருக்கி வைத்த ஈயப் பொட்டு. குப்பைக்குப் போகிற கம்பிக்கும் பொட்டு வைத்து அழகு பார்க்கிற கிறுக்கன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். அதுவும் எதற்கு? கேட்டு வாங்கிப் போன மாமாவின் கையில் குத்திவிடக் கூடாதே என்று!

"மானுக்கு வச்சது. குட்டி மாட்டிக்கிச்சு," என்றார் வனக்காவலர். "கம்பி யாரோடதுன்னு தெரியுதா?"

தெரியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. செத்த குட்டியைவிட்டு நகராமல் நின்ற தாய் யானை கண்ணுக்குள் வந்து நின்றது.

"என் கடைக் கம்பிதாங்க. மாமாவுக்குக் குடுத்தேன். அவரைக் கொடிக்குப் பந்தல் கட்டணும்னு கேட்டாரு."

அக்காவுக்கு வந்ததே கோபம், என்மேல்.

"உளறாதடா! எங்க பந்தல்ல ஏதுடா கம்பி? எல்லாம் நான் என் கையால கட்டுன சணல் கயிறு. சந்தேகம்னா ஊரே வந்து பாக்கட்டும், ஒரு துண்டுக் கம்பி..."

பாதியில் நிறுத்தினாள்.

அவளைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அக்கா குழுவின் நோட்டை மூடி மேசையில் வைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வனக்காவலரிடம் போனாள்.

"வீட்லதான் படுத்திருக்காரு. நெஜமாவே காய்ச்சல்தான். கொஞ்சம் மெதுவா கூட்டிட்டுப் போங்க."

அவருக்கு முன்னால் அவளே நடந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா என்று கூப்பிட எனக்கு வாய் ஏது?